கறுப்புக் கல்லுக்கு என்ன விலை?

யுரேனியத்தின் போலீஸ் விலை கிலோவுக்கு 3 கோடி ரூபாய். 2021இல் சந்தை விலை ஆறாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. நடுவில் இருக்கும் பள்ளத்தில் விழுபவர்கள் பழைய இரும்பு வியாபாரிகளும் தரகர்களும் பேராசைக்காரர்களும்.

2021 மே 5ஆம் தேதி மும்பையில் மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் படையினர் இருவரைக் கைது செய்தார்கள். கைப்பற்றப்பட்ட பொருள் 7 கிலோ 100 கிராம். டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் அதைச் சோதித்து, இயற்கை யுரேனியம்தான், தூய்மை 90 சதவீதத்துக்கு மேல் என்று சான்று கொடுத்துவிட்டது. பொருளின் மதிப்பு 21 கோடியே 30 லட்சம் ரூபாய் என்று போலீசார் அறிவித்தார்கள். சில நாட்களில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குப் போனது. பாகிஸ்தான் வெளியுறவுத் துறை கவலை தெரிவித்து அறிக்கை விட்டது. இத்தனைக்கும் சரக்கு வந்த வழி என்று சொல்லப்பட்டது ஒரு காயலான் கடை.

21.3 கோடியை 7.1ஆல் வகுத்தால் கிலோவுக்கு மிகச் சரியாக 3 கோடி வருகிறது. உலகில் யுரேனியம் வாங்குபவர்கள் யாரும் அந்த விலையைக் கேள்விப்பட்டதில்லை. சர்வதேச வணிகத்தில் யுரேனியம் ஆக்சைடு வடிவில், பவுண்டு கணக்கில் விலை பேசப்படுகிறது. அந்த மே மாதத்தில் விலை பவுண்டுக்கு ஏறத்தாழ 30 டாலர். மும்பையில் பிடிபட்ட 7.1 கிலோவை ஆக்சைடாகக் கணக்கிட்டால் பதினெட்டரை பவுண்டு தேறும். அப்போதைய டாலர் மதிப்பில் மொத்தம் 40,000 ரூபாய்! ஒரு நல்ல செல்போனின் விலை. போலீசார் சொன்னது அதைப்போல ஐயாயிரம் மடங்கு.

அணுகுண்டு என்ற சொல் உடனே நினைவுக்கு வருவதால்தான் இந்த மதிப்பெல்லாம். ஆனால் அந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை. இயற்கை யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 இருப்பது 0.7 சதவீதம். மும்பைச் சரக்கில் மொத்தமே 50 கிராம். ஒரு குண்டுக்குப் போதுமான அளவு என்று சர்வதேச அணுசக்தி முகமை எச்சரிக்கைக் கோடு கிழித்திருப்பது 25 கிலோவில். ஒரு துளிகூட வீணாகாமல் பிரித்தெடுப்பதாக வைத்துக்கொண்டாலும் மூன்றரை டன் இயற்கை யுரேனியம் வேண்டும். பிரித்தெடுக்க ஆயிரக்கணக்கான சுழல் இயந்திரங்கள் கொண்ட ஆலை வேண்டும். காயலான் கடைக்காரரிடம் இரண்டுமே இருக்க முடியாது.

மும்பை சம்பவத்தின் பரபரப்பு அடங்குவதற்குள், ஜூன் மாதத் தொடக்கத்தில் ஜார்க்கண்டில் உள்ள பொக்காரோவில் ஆறு கிலோவுக்கு மேல் ‘யுரேனியம்' பிடிபட்டது. ஏழு பேர் கைது. ஜார்க்கண்ட் என்றால் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கம் இருக்கும் மாநிலம். சந்தேகப்பட முகாந்திரம் உண்டு. தலைப்புச் செய்திகளில் மீண்டும் கோடிகள் புரண்டன. இஸ்லாமாபாத் மீண்டும் கவலைப்பட்டது. சில வாரங்களுக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம் அணுசக்தித் துறையின் முடிவை வெளியிட்டது. ஆய்வகத்தில் சோதித்ததில் அந்தப் பொருள் யுரேனியமும் அல்ல, கதிரியக்கம் உள்ளதும் அல்ல.

இரண்டு வழக்குகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் சிறியது, ஆனால் முக்கியமானது. மும்பையில் பிப்ரவரியிலேயே துப்புக் கிடைத்து, மாதிரி சோதனைக்குப் போய், சான்று வந்த பிறகு கைது நடந்தது. பொக்காரோவில் கைது முதலில், சோதனை பிறகு. அதாவது, கல் எது என்று தெரிவதற்கு முன்பே விலை சொல்லப்பட்டுவிட்டது.

அடையாளம் சொல்வது எளிதல்ல

கறுப்பாக, கனமாக இருக்கிற கல்லெல்லாம் யுரேனியம் ஆகிவிடாது. காந்தக்கல் கறுப்பு. இல்மனைட் கறுப்பு. டூர்மலைன் கறுப்பு. இரும்பு உருக்காலையிலிருந்து வெளியே கொட்டப்படும் கசடுகூடக் கறுப்பாகவும் பளபளப்பாகவும் கனமாகவும் இருந்து ஏமாற்றக்கூடியது. யுரேனியத்தின் தலையாய தாதுவான யுரேனினைட் — கட்டியாக, படிக உருவமில்லாமல் கிடைத்தால் அதற்குப் பெயர் பிட்ச்பிளெண்ட் — தாரைக் குழைத்து உறையவைத்தது போல இருக்கும். ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் 1789இல் யுரேனியம் என்ற தனிமம் இருப்பதைக் கண்டறிந்ததும் இந்தப் பிட்ச்பிளெண்டில்தான்.

கனிமவியல் படித்தவர் முதலில் பார்ப்பது எடை. கையில் தூக்கும்போதே தெரியும். சாதாரணக் கருங்கல் தண்ணீரைப்போல் இரண்டே முக்கால் மடங்கு கனம் என்றால், சிதையாத யுரேனினைட் பத்து மடங்குக்கும் மேல். இரும்பைத் தோற்கடிக்கும் கனம் அது. அடுத்தது உரைத்துப் பார்ப்பது. தட்டானின் உரைகல்லைப் போலவே கனிமவியலாளரிடம் மெருகிடாத பீங்கான் வில்லை ஒன்று இருக்கும். அதில் கல்லைத் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம், கல்லின் மேல்நிறத்தைவிட உண்மை பேசும். ஹெமடைட் என்ற இரும்புத் தாது எவ்வளவு கறுத்திருந்தாலும் செங்காவிக் கோடு போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். யுரேனினைட் பழுப்பு கலந்த கறுப்பில் கோடு விடும்.

எல்லா யுரேனியக் கனிமங்களும் கறுப்பு என்றும் சொல்ல முடியாது. ஆட்டுனைட் எலுமிச்சை மஞ்சள். புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஜொலிக்கும். அதன் நெருங்கிய உறவினரான டார்பர்னைட் மரகதப் பச்சை. தாமிரம் கலந்திருப்பதால் அதே விளக்கின் கீழ் மௌனமாகிவிடும். ஜொலிக்காததால் யுரேனியம் இல்லை என்று முடிவுகட்டியவர் ஏமாந்துபோவார். ஜொலிப்பதெல்லாம் யுரேனியம் என்று நினைப்பவர் அதைவிட அதிகமாக ஏமாறுவார். கால்சைட், புளூரைட் போன்ற ஒன்றும் தெரியாத அப்பாவிக் கற்களும் அந்த விளக்கில் ஒளிவிடும். இதற்காகவே கள ஆய்வாளர்கள் ஒரு பழைய தந்திரம் வைத்திருக்கிறார்கள். கல்லின் பொடியைச் சோடியம் புளூரைடுடன் சேர்த்துப் பிளாட்டினக் கம்பி வளையத்தில் உருக்கி மணியாக்கிப் புற ஊதா விளக்கில் காட்டுவார்கள். யுரேனியம் துளி இருந்தாலும் மணி மஞ்சள் பச்சையாக மினுங்கும்.

கெய்கர் கருவியை நீட்டினால் போதாதா என்று கேட்கலாம். சினிமாவில் போதும். கருவியின் ‘டிக் டிக்' சொல்வது கதிர்வீச்சு இருக்கிறது என்பதை மட்டும்தான், யாருடையது என்பதைச் சொல்லாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பிடித்தாலும் அது படபடக்கும். அங்குள்ள மோனசைட் மணலில் எட்டு ஒன்பது சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. யுரேனியம் அரை சதவீதம்கூடக் கிடையாது. இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆலையில் சுத்தம் செய்யப்பட்ட யுரேனியத்தைவிட, மண்ணிலிருந்து எடுத்த பிட்ச்பிளெண்ட் அதிகமாகச் சத்தமிடும். யுரேனியம் சிதைந்து பிறந்த ரேடியம் முதலான வாரிசுகள் தாதுவில் கூடவே குடியிருக்கின்றன; சுத்திகரிப்பில் அவை வெளியேற்றப்பட்டுவிடுகின்றன. யுரேனியத்தைவிட அதன் தாது வீரியமாக இருக்கிறதே என்ற இந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கியூரி தம்பதியர் 1898இல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே ஆய்வகத்தில் காமாக் கதிர்களின் ஆற்றலை அளக்கிறார்கள். ஒவ்வொரு தனிமத்தின் வம்சத்துக்கும் ஒரு கையெழுத்து உண்டு. யுரேனிய வம்சத்தில் வரும் பிஸ்மத்-214 ஓர் ஆற்றலில் கதிர் விடும், தோரிய வம்சத்தின் தாலியம்-208 வேறோர் ஆற்றலில் விடும். சாதாரணக் கிரானைட்டில் உள்ள பொட்டாசியத்துக்கும் தனிக் கையெழுத்து உண்டு. இவற்றைப் பிரித்துப் படித்தால்தான் கல் எந்தக் குடும்பம் என்று தெரியும்.

அப்படியும் பிடிகொடுக்காத கனிமம் ஒன்று நெல்லூர் மாவட்டத்தின் காக்காப்பொன் சுரங்கங்களில் கிடைத்திருக்கிறது. அதன் பெயர் சமர்ஸ்கைட். ரஷ்யச் சுரங்க அதிகாரி சமர்ஸ்கியின் பெயரைத் தாங்கியது. இந்தக் கனிமத்தில் 1879இல் கண்டுபிடிக்கப்பட்டதால்தான் சமாரியம் என்ற தனிமத்துக்கே அந்தப் பெயர். ஒரு மனிதரின் பெயர் கல் வழியாகத் தனிம அட்டவணைக்குள் நுழைந்த கதை. சமர்ஸ்கைட் வெல்வெட் கறுப்பு. உடைத்தால் கண்ணாடிச் சில்லு போலப் பளபளக்கும். நியோபியம், டான்டலம், இட்ரியம், இரும்பு ஆகியவற்றோடு பத்து சதவீதம் அளவுக்கு யுரேனியமும் அதில் இருக்கக்கூடும். கனிமங்களை அடையாளம் காண எக்ஸ் கதிர்தான் கடைசித் தீர்ப்பு என்பார்கள். சமர்ஸ்கைட்டை எக்ஸ் கதிரில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தன் யுரேனியமே உள்ளிருந்து சுட்டுச் சுட்டு, அணுக்களின் வரிசையைக் குலைத்துவிட்டது. வெளியே படிக உருவம், உள்ளே கண்ணாடிபோல் ஒழுங்கில்லாத குவியல். உலையில் சூடாக்கிய பிறகுதான் அணுக்கள் மறுபடி வரிசையில் நின்று, கல் தன் பெயரைச் சொல்லும்.

அடையாளம் மாறினால் விலையும் தலைகீழாக மாறும் என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய நல்ல உதாரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர் தமிழ் வாசகர்களுக்கு வேறு காரணத்துக்காக நன்கு அறிமுகமானவர்.

குமாரசாமியின் கனசதுரங்கள்

நடராஜர் வடிவத்துக்கு உலகமே வியக்கும்படி விளக்கம் சொன்ன ஆனந்த குமாரசாமி, கலைக்கு வருவதற்கு முன் கல் ஆராய்ச்சியாளராக இருந்தார். இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். லண்டனில் புவியியலும் தாவரவியலும் படித்தார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைவர். அவர் காலத்தில், பலாங்கொடைப் பகுதியில் இரத்தினக் கல் தேடி ஆற்றுச் சரளையை அரித்தவர்களின் தட்டுகளில் கறுப்பாகச் சிறு கனசதுரங்கள் தங்கின. இரத்தினம் இல்லை. ஆனால் சரளையில் மற்றதெல்லாம் தண்ணீரோடு போன பிறகும் அடியில் நிற்கும் அளவுக்குக் கனம்.

கறுப்பு, கனம், கனசதுரம், கதிரியக்கம் என்று எல்லா லட்சணங்களும் பொருந்தியதால் முதலில் அதை யுரேனினைட் என்றே நினைத்தார்கள். லண்டனில் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டின் வின்தம் டன்ஸ்டன் 1904இல் வேதியியல் முறைப்படி பிரித்துப் பார்த்தபோது குட்டு உடைந்தது. கல்லில் எழுபது சதவீதத்துக்கு மேல் தோரியம் ஆக்சைடு. யுரேனியம் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான். அதுவரை அறிவியல் அறியாத புதிய கனிமம் அது. தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள்.

யுரேனியம் குறைந்துபோனதால் விலை குறைந்துவிட்டதா? நேர்மாறு. அன்றைய யுரேனியம் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சள் பூசப் பயன்பட்ட ஒரு சாயப் பொருள், அவ்வளவுதான். தோரியமோ ஐரோப்பிய நகரங்களின் இரவுகளையே ஆண்டுகொண்டிருந்தது. தெருவிளக்கிலும் வீட்டு விளக்கிலும் வெள்ளை ஒளி தந்த ‘மாண்டில்' — நம் கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் தொங்கிய அதே வலைத் துணி — தோரியம் ஆக்சைடால் ஆனது. அதனால் புதிய கனிமத்துக்கு வியாபாரிகள் போட்டிபோட்டார்கள். பெயர் திருத்தப்பட்ட அன்று கல் மாறவில்லை, வாங்குகிறவர்தான் மாறினார்.

விஞ்ஞானிகள் வேறு விலை கொடுத்தார்கள். லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்துக்கு வந்த இளம் ஜெர்மானியர் ஓட்டோ ஹான், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்த உப்பில் ரேடியம் தேடப் பணிக்கப்பட்டார். தேடியபோது 1905இல் ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருள் அகப்பட்டது. மூன்று தசாப்தங்கள் கழித்து யுரேனியத்தின் அணுவைப் பிளந்து காட்டிய ஹானின் முதல் கதிரியக்கக் கண்டுபிடிப்பு பலாங்கொடைக் கல்லில் பிறந்தது. அதே கல்லில் சிறைப்பட்டிருந்த ஹீலியம் வாயுவை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஸ்ட்ரட்.

இருப்பு எவ்வளவு, எடுக்கும் செலவு எவ்வளவு

யுரேனியம் இன்று சாயப் பொருள் அல்ல. இருந்தாலும் ஒரு கல்லுக்கு மதிப்புப் போடும் முறை மாறவில்லை: என்ன கனிமம், எத்தனை சதவீதம், எவ்வளவு இருப்பு, பிரித்தெடுக்க என்ன செலவு. முதல் இரண்டை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறவர்களைத்தான் தரகர்கள் பிடிக்கிறார்கள்.

ஜாதுகுடாவை எடுத்துக்கொள்ளலாம். இன்றைய ஜார்க்கண்டின் கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில் 1951இல் கண்டறியப்பட்ட படிவம் இது. யுரேனியம் கார்ப்பரேஷன் நிறுவனம் 1967இல் அமைக்கப்பட்டு, தாதுவை வெட்டி எடுக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம் என்ற பெருமைக்குப் பின்னால் உள்ள தாதுவின் தரம் 0.065 சதவீதம். ஒரு டன் பாறையை ஆழத்திலிருந்து தூக்கி வந்து, மாவாக அரைத்து, கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் அதில் இருப்பது 650 கிராம் யுரேனியம் ஆக்சைடு. மீதி 999 கிலோவுக்கு மேல் கழிவுக் குளத்துக்குப் போகிறது. கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் தாதுவின் தரம் பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது என்பதை நினைத்தால் நம் நிலைமை புரியும்.

யுரேனியத்தின் விலை நிலையாக நிற்பதும் இல்லை. 2007இல் பவுண்டு 130 டாலருக்கு மேல் ஏறியது. 2016 முடிவில் 20 டாலருக்குக் கீழே விழுந்தது. 2024 ஜனவரியில் 100 டாலரைத் தாண்டியது. அந்த உச்ச விலையில் கணக்குப் போட்டாலும் ஒரு கிலோ ஆக்சைடு 18,000 ரூபாய் சுமார். ஜாதுகுடாவின் ஒரு டன் பாறைக்குள் ஒளிந்திருக்கும் செல்வம் 12,000 ரூபாய். அதிலிருந்துதான் சுரங்கச் செலவு, அரவைச் செலவு, அமிலச் செலவு எல்லாம் போக வேண்டும். வெறும் வியாபாரமாகப் பார்த்தால் யாரும் இதில் இறங்கமாட்டார்கள். வெளிநாடுகள் யுரேனியம் தர மறுத்த நீண்ட காலத்தில் நம் உலைகளுக்கு வேறு கதி இல்லாததால் இறங்கினார்கள். ஜாதுகுடாத் தாதுவின் விலையில் பெரும்பங்கு, கிடைக்காமல் போவதற்கான பயத்தின் விலை. சுரங்கத்தையும் கழிவுக் குளங்களையும் சுற்றி வாழும் ஆதிவாசிகள் தங்கள் உடல்நலம் பற்றிப் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் புகார்கள் எந்த டன் கணக்கிலும் சேர்க்கப்படவில்லை.

தாது இருக்கும் பாறையும் விலையைத் தீர்மானிக்கிறது. ஆந்திராவின் கடப்பை மாவட்டம் தும்மலபள்ளியில் யுரேனியம் சுண்ணாம்பு வகைப் பாறையில் ஏறியிருக்கிறது. ஜாதுகுடா முறைப்படி அமிலம் ஊற்றினால் யுரேனியத்தைக் கரைப்பதற்கு முன்பே பாறை அமிலத்தைக் குடித்துவிடும். எனவே காரத்தில் கரைக்கும் தனித் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. சமர்ஸ்கைட் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. பத்து சதவீதம் யுரேனியம் என்றால் ஜாதுகுடாத் தாதுவைவிட நூற்றைம்பது மடங்கு செறிவு. ஆனால் சாதாரண அமிலத்துக்குச் சமர்ஸ்கைட் அவ்வளவு லேசில் மசியாது. கிடைப்பதும் அங்கொரு முடிச்சு இங்கொரு முடிச்சாக. ஆலை வைத்து நடத்தும் அளவுக்கு வராது. அருங்காட்சியகத்தில் அது அரிய கல். அணு உலைக்கு அது உதவாத கல்.

அரிய கற்களைச் சேகரிப்பவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். ஒழுங்கான முகங்கள் கொண்ட யுரேனினைட் படிகத்துக்கும் இலை இலையாக விரிந்த டார்பர்னைட்டுக்கும் அவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். ஆனால் அது அழகுக்குக் கொடுக்கும் விலை, தபால் தலைக்குக் கொடுப்பது போல. உள்ளே உள்ள யுரேனியத்துக்குக் கொடுக்கும் விலை அல்ல. பொடியாக நொறுங்கிய கல்லை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இந்தியாவில் அந்த வழியும் கிடையாது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் யுரேனியத்தைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் வைத்தது. மும்பை வழக்கு அந்தச் சட்டத்தின்படி பதிவானதுதான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்னும்போது வெளிப்படையான சந்தை எங்கிருந்து வரும்? சந்தை இல்லாத இடத்தில் விலை என்பது யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய ஒரு எண். 2016 டிசம்பரில் தானே நகரில் ஏறத்தாழ ஒன்பது கிலோ பொருளோடு இருவர் பிடிபட்டபோது அதன் மதிப்பு 24 கோடி என்று சொல்லப்பட்டது. சோதனையில் அது ‘சத்து நீக்கிய' யுரேனியம் என்று தெரிந்தது. யுரேனியம்-235ஐ உறிஞ்சி எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. விமானங்களில் எடைச் சமநிலைக்கும், தொழிற்சாலைக் கதிர்ப்படக் கருவிகளில் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசமாகவும் பயன்படுவது. வளர்ந்த நாடுகளில் இதை லட்சக்கணக்கான டன் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று விழித்துக்கொண்டிருக்கிறார்கள். சக்கைக்கும் கிலோவுக்கு இரண்டரைக் கோடிக்கு மேல் விலை!

போலீசாருக்கு ஒரு தொகை தேவைப்படுகிறது. பத்திரிகைகளுக்கு அதைவிடத் தேவைப்படுகிறது. அந்தத் தொகை அச்சில் ஏறியதும் அடுத்த தரகர் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார். ஆறு கிலோ கல்லோடு அலைகிறவருக்கு, பேப்பரிலேயே போட்டிருக்கிறதே என்பதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கல்லை விற்று யாரும் கோடீஸ்வரர் ஆனதில்லை. ‘சோதனைக் கட்டணம்', ‘முன்பணம்' என்று வாங்கிச் சம்பாதித்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இரிடியம் கலசம் என்ற பெயரில் பலர் வீடு வாசலை இழந்தது இதே வித்தையின் இன்னொரு கிளை. 2018இல் டெல்லி போலீசார் பிடித்த தந்தையும் மகனும், அரிசியை இழுக்கும் அதிசயத் தகட்டை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கு விற்கப்போவதாகச் சொல்லி ஒரு வியாபாரியிடம் 1 கோடியே 43 லட்சம் ரூபாய் கறந்திருந்தார்கள். கதிர்வீச்சு சோதனைக்கென்று தலை முதல் கால் வரை மூடும் வெள்ளி நிற உடைகூட வைத்திருந்தார்கள். அடையாளம் காணும் சடங்கைத் தத்ரூபமாக நடத்திக் காட்டினால் போதும், கல்லே தேவையில்லை என்று கண்டுபிடித்தவர்கள்.

உண்மையான சோதனைக்குப் போக வேண்டிய இடம் எளிமையானது. 1949இல் டி.என். வாடியாவின் தலைமையில் அரிய கனிமங்களைத் தேடும் சிறு பிரிவாகத் தொடங்கி, இன்று ஹைதராபாத்தின் பேகம்பேட்டையைத் தலைமையகமாகக் கொண்டு இயங்கும் அணுக் கனிமங்கள் இயக்ககத்துக்குப் பெங்களூர், நாகபுரி, ஜாம்ஷெட்பூர், ஷில்லாங் முதலிய இடங்களில் மண்டல மையங்கள் உள்ளன. வயலில் வித்தியாசமான கல் அகப்பட்ட விவசாயி அங்கே எடுத்துப்போனால் கோடி கிடைக்காது. கல்லின் பெயர் கிடைக்கும்.

அந்த இயக்ககத்தின் விஞ்ஞானிகள் 1980களில் மேகாலயாவின் மேற்குக் காசி மலைப் பகுதியில், டோமியாசியாட் என்ற சிற்றூர் அருகே மணற்பாறையில் யுரேனியத்தைக் கண்டறிந்தார்கள். தரம் 0.1 சதவீதம் அளவில், ஜாதுகுடாவைவிட மேல். ஆழமும் அதிகம் இல்லை. கனிமம் எது என்பதில் சந்தேகம் இல்லை, இருப்பு அளந்தாகிவிட்டது, வாங்குபவர் மத்திய அரசு. விலையைச் சொல்ல வேண்டிய ஒருவர் மட்டும் பாக்கி. காசி மலைகளில் நிலம் சர்க்காருடையது அல்ல. குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியது, தாய்வழியில் இறங்குவது. தாது இருந்த நிலத்தின் உரிமையாளர்களில் ஒருவர் ஸ்பெலிட்டி லிங்டோ லாங்ரின் என்ற மூதாட்டி.

முப்பது ஆண்டுக் குத்தகைக்கு அவருக்குக் கிடைக்கக்கூடிய தொகை 45 கோடி ரூபாய் வரை என்று செய்திகள் வந்தன. அவர் மறுத்தார். கல் தரமா, விலை நியாயமா என்ற விவாதத்துக்குள்ளேயே அவர் வரவில்லை. நிலம் கைவிட்டுப் போனால் ஓடையும் காடும் தோட்டமும் போய்விடும் என்பதே அவர் கணக்கு. காசி மாணவர் சங்கம் போன்ற அமைப்புகள் அவர் பக்கம் நின்றன. 2009இல் மாநில அரசு முன்னேற்பாட்டுப் பணிகளுக்காக 422 ஹெக்டேரை யுரேனியம் கார்ப்பரேஷனுக்கு ஒதுக்கியது, எதிர்ப்பு ஓயவில்லை, 2016இல் அந்த ஒதுக்கீடு ரத்தானது. ஸ்பெலிட்டி 2020 அக்டோபரில் தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் காலமானார். டோமியாசியாட்டின் தாது வெட்டப்படாமல் மணற்பாறைக்குள்தான் இருக்கிறது.